கண்ணாடிக்குப் பின்னால்

டுலூத்தில், ஏரியின் ஓரங்கள் உறையத் தொடங்கிய வாரம்
ஒரு குளியலறையை உடைத்தோம்
நானும் ஆர்விடும்.

கண்ணாடி அலமாரியைக் கழற்றும்போதே
அதன் முதுகில் அந்தத் துளையைப் பார்த்தேன்.
ஒரு விரல் நீளம், நாணயம் நுழையும் அகலம்.
மேலே தகரத்தில் பொறித்திருந்தது:
பழைய பிளேடுகள் இங்கே.

இங்கே என்றால் எங்கே என்று
எழுபது வருடமாக யாரும் கேட்கவில்லை.

சுவரின் மேல்பாதியில் தூசிதான்.
கீழே கடப்பாரையை நெம்பியதும்
பூச்சுப்பலகை வாய் பிளந்து
கொட்டியது.
மழைபோல என்று சொல்ல மாட்டேன்,
மழை இவ்வளவு காய்ந்து விழாது.
கருவாட்டுச் செதில் மாதிரி
துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டி,
இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே
நாலு விரல் உயரத்துக்கு.

ஆர்விட் பின்வாங்கிக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.
எண்ணுவது எங்கள் வேலையில்லை, மணிக்கணக்குக் கூலி.
ஆனாலும் மனக்கணக்கு ஓடியது.
வாரம் ஒன்று. வருடம் ஐம்பத்திரண்டு.
நாற்பது வருடம் ஒரே முகம்.

வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தது: எய்னோ கர்ஹு,
தாதுக் கப்பல் துறையில் வேலை.
சவரம் செய்யாத வாரங்களும் அவருக்கு இருந்திருக்கும்.
அவற்றுக்கு இந்தக் குவியலில் சாட்சி இல்லை.

கவனமில்லாத மனிதர் என்று நினைக்காதீர்கள்.
குழந்தை கைக்கு எட்டாமல்,
குப்பை அள்ளுபவன் விரலில் படாமல்,
ஒவ்வொன்றையும் நிதானமாக உள்ளே தள்ளியிருக்கிறார்.
சின்னதாக ஒரு சத்தம்.
முடிந்தது.
முடியவில்லை. தபாலில் போட்டிருக்கிறார்,
என் கைக்கு.

ஆர்விடின் வண்டியில் ஒரு பழைய ஒலிபெருக்கிக் காந்தம் கிடந்தது.
அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் துழாவினோம்.
மீசை முளைத்து எழுந்து வந்தது.
பையை உள்புறம் வெளியே திருப்ப,
பெயின்ட் டப்பாவுக்குள் பொலபொலவென உதிர்ந்தது.
மதியம் வரை இதுதான் வேலை.

மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கி
டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி
பெரிதாக எழுதினேன்: பிளேடு. திறக்காதே.
எழுதும்போது அக்காவை நினைத்துக்கொண்டேன்.

கொரின் மறுசுழற்சி நிலையத்தில், ஓடும் பட்டை முன்னால் நிற்பவள்.
போன மார்ச்சில்
டிஷ்யூ தாளில் மடித்த ஐந்து பிளேடுகள் வந்தன,
பூவைப் பொதிந்ததுபோல.
கையுறை தாங்கவில்லை. உள்ளே நரம்பும் தாங்கவில்லை.
வலது மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை.
சட்டைப் பொத்தான்களை இடது கையால் போடுகிறாள்,
மெதுவாக, நாம் பார்க்காதபோது.

பழைய இரும்புக் கடையில் டெல்மர் எடை போட்டான்.
டப்பாவோடு சேர்த்து மூன்றே கால் பவுண்டு.
காசு கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.
உருக்கப் போகிற பெட்டியில், மேலாக வைத்தான்.

வீட்டுக்காரி லினெட்டுக்கு அந்த அலமாரி பிடித்துவிட்டது.
துளையும் இருக்கட்டும், அழகாக இருக்கிறது என்றாள்.
இருக்கட்டும்.
பின்பக்கம் தகடு வைத்து நான்கு ரிவெட் அடித்தேன்.
குழாய்க்குப் பின்னால் என் கை நுழையாத ஓர் இடம் உண்டு.
புதுப் பலகை ஏற்றும் முன்
சட்டத்தில் தச்சுப் பென்சிலால் எழுதிவைத்தேன்:
இங்கே இன்னும் சில இருக்கலாம். பார்த்து.
யார் படிப்பார், எந்த வருடம், தெரியாது.

அன்றிரவு சவரம் முடித்து
பிளேடைக் காகித உறையில் செருகிக்
குப்பைக்கூடைக்கு நீட்டிய கை
பாதியில் நின்றது.

கோழி சூப் டின் ஒன்று இருந்தது, உடைக்காதது.
திருப்புளியால் அதன் தலையில் ஒரு கீறல்.
அதன் வழியாகவே சூப்பை வடித்துக் குடித்தேன்
(நிறைய நேரம் பிடித்தது, ஆறியும் போனது),
கழுவி, அடுப்பருகே கவிழ்த்துக் காயவைத்து
முதல் பிளேடைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொரின் வந்தாள்.
குளியலறையிலிருந்து டின்னோடு வெளியே வந்து
காதருகே வைத்துக் குலுக்கினாள்,
அந்த வலது கையாலேயே.

"ஒன்னுதானா?" என்றாள்.